எம்.எஸ்சி. மாணவரின் ரெஸ்யூமே: ப்ராஜெக்ட்டை எப்படி எழுதுவது?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று பக்க ரெஸ்யூமே வைத்திருக்கிறேன். அதையே மருந்து நிறுவனங்களின் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) வேலைக்கும், ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) அறிவிப்புகளுக்கும் அனுப்புகிறேன். எங்கிருந்தும் அழைப்பு இல்லை. வேலை அனுபவம் கிடையாது. கல்லூரி ப்ராஜெக்ட் மட்டும்தான் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்களிடம் இருக்கும் அந்த ப்ராஜெக்ட் போதும். அதை எழுதியிருக்கும் விதமும், ஒரே தாளை இரண்டு விதமான ஆட்களுக்கு அனுப்புவதும்தான் தடை.

க்யூ.சி. மேலாளர், இவரை லேபில் நிறுத்தினால் கரைசலைச் சரியாகத் தயாரிப்பாரா, செய்ததை அப்போதைக்கப்போதே பதிவு செய்யும் பழக்கம் உண்டா என்று பார்க்கிறார். ஜே.ஆர்.எஃப். எடுக்கும் பேராசிரியர் முதலில் நெட் அல்லது கேட் என்ற தேசியத் தேர்வுகளின் தகுதியைத் தேடுகிறார். பிறகு, செய்த ஆய்வைப் புரிந்து செய்தாரா என்று ப்ராஜெக்ட் பகுதிக்கு வருகிறார். நிறுவனத்துக்கு ஒரு பக்க ரெஸ்யூமேயும், ஆய்வுப் பணிக்கு இரண்டு பக்க சி.வி.யும் தனித்தனியாக வேண்டும். மதிப்பெண், பயிற்சி, கருத்தரங்கு, கருவிகள் என எல்லாவற்றையும் தேதியோடு ஒரு மூலக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அறிவிப்புக்கும் அதிலிருந்து வெட்டி எடுப்பது அரை மணி நேர வேலை.

இப்போது ப்ராஜெக்ட். பெரும்பாலான ரெஸ்யூமேக்களில் தலைப்பும், “பல்வேறு கருவிகளின் உதவியுடன் நானோ துகள்களைத் தயாரித்து ஆராய்ந்தேன்” என்ற ஒரு வரியும் இருக்கும். இதை வைத்து உங்களையும் உங்கள் பக்கத்து பெஞ்ச் மாணவரையும் பிரித்தறிய முடியாது. என்ன செய்தீர்கள், எதை வைத்து அளந்தீர்கள், என்ன எண் கிடைத்தது, அதில் உங்கள் பங்கு எது ஆகிய நான்கும் தெரிய வேண்டும். நம் கல்லூரிகளில் அடிக்கடி செய்யப்படும் ஒரு ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்வோம்:

“துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைக் கூட்டு வீழ்படிவு முறையில் தயாரித்தேன். எக்ஸ்.ஆர்.டி. தரவிலிருந்து ஷெரர் சமன்பாட்டால் படிக அளவைக் கணக்கிட்டேன். மெத்திலீன் நீலம் ஒளியில் சிதைவதை 664 நானோமீட்டரில் யு.வி.-விசிபிள் நிறமாலைமானியால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, 120 நிமிடம் வரை அளந்தேன்.” இதற்கு அடுத்த வரி உங்கள் முடிவு: எத்தனை சதவீதம் சிதைந்தது, வினைவேக மாறிலி எவ்வளவு, எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள். எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தாலும் எழுதுங்கள். ஏன் குறைந்தது என்று நேர்முகத்தில் விளக்கத் தெரிந்தவருக்கு அதுவே பலம்.

கருவிகளின் பட்டியலில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். என்.எம்.ஆர்., எஸ்.இ.எம்., எக்ஸ்.ஆர்.டி. மூன்றுக்கும் சாம்பிளைப் பெரும்பாலும் வேறு நிறுவனத்துக்கு அனுப்பித்தான் தரவு வாங்குகிறோம். அந்தக் கருவியை நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ‘திறன்கள்’ என்ற தலைப்பின்கீழ் மூன்றும் இருக்கும். எஸ்.இ.எம். எந்த வோல்டேஜில் எடுத்தீர்கள் என்ற ஒரு கேள்வியில் அது உடைந்துவிடும், மற்ற வரிகள் மீதும் சந்தேகம் விழும். ‘நானே இயக்கியவை’, ‘தரவைப் பகுப்பாய்ந்தவை’ என்று இரண்டு வரியாகப் பிரித்துவிடுங்கள். என்.எம்.ஆர். ஸ்பெக்ட்ரத்தைப் படித்து அமைப்பைச் சொல்லத் தெரிவது மதிப்புள்ள திறன்தான். அதை அதன் பெயரிலேயே சொல்லலாம். செய்முறை விளக்கத்தில் தூர நின்று பார்த்த கருவியை எழுத வேண்டாம்.

க்யூ.சி. ரெஸ்யூமேயில் நானோ துகள்களைவிட அன்றாட லேப் வேலைக்கு எடை அதிகம். ஸ்டாண்டர்டு கரைசல் தயாரித்தது, டைட்ரேஷன், பஃபர் கரைசல்களை வைத்து பி.எச். மீட்டரைக் கேலிபரேட் செய்தது, யு.வி.யில் கேலிபரேஷன் வரைபடம் போட்டது ஆகியவற்றை மேலே கொண்டுவாருங்கள். இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தால் நிறுவனத்தின் பெயரும் நாட்களும் மட்டும் போதாது. கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் கைவைத்திருந்தால் என்ன காலம் (column), என்ன மொபைல் ஃபேஸ், எந்தப் பொருளை ஆய்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி என்றால் ‘கவனித்தேன்’ என்றே எழுதலாம்.

சி.வி.யில் பெயருக்கும் தொடர்பு விவரத்துக்கும் அடுத்து தேர்வுத் தகுதி வரட்டும். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் ஆண்டையும் மதிப்பெண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். நெட் தேர்வில் 2024 முதல் மூன்று பிரிவுகளாகத் தகுதி தருகிறார்கள், ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்’ என்ற பிரிவில் தேறியவர் வெறுமனே ‘நெட் தேர்ச்சி’ என்று போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் சங்கடம் வரும். நெட் இல்லையென்றால் ப்ராஜெக்ட் அசோசியேட்-1 என்ற ஆய்வுத் திட்டப் பணிக்கான அறிவிப்புகளைப் பாருங்கள். நெட், கேட் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கும்படி பல அறிவிப்புகள் வருகின்றன.

ஆய்வுக் கட்டுரை இருந்தால் அதன் நிலையை அப்படியே சொல்லுங்கள். இதழுக்கு அனுப்பியது, மதிப்பாய்வில் இருப்பது, ஏற்கப்பட்டது, வெளிவந்தது ஒவ்வொன்றும் வேறு. வெளிவந்ததற்கு டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்) கொடுங்கள், ஆசிரியர் வரிசையை மாற்றாமல் உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டினால் போதும். போஸ்டர் வைத்த கருத்தரங்கு சி.வி.யில் வரலாம். வெறும் பங்கேற்புச் சான்றிதழ் வாங்கிய வெபினார்களை எடுத்துவிடுங்கள். மூன்று பக்கம் ஆனதற்கு அவையே காரணமாக இருக்கும்.

தந்தை பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண், பொழுதுபோக்கு, கீழே போடும் உறுதிமொழி எதுவும் தனியார் நிறுவனத்துக்குத் தேவையில்லை. அரசு ஆய்வகங்கள் பிறந்த தேதியும் இடஒதுக்கீட்டுப் பிரிவும் கேட்கும்; வயதுத் தளர்வுக்கு அது வேண்டும். அவர்களுடைய படிவத்தில் நிரப்புங்கள். ‘சவாலான சூழலில் பணியாற்றி...’ என்று தொடங்கும் லட்சிய வாக்கியத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தை ப்ராஜெக்ட்டுக்குக் கொடுங்கள்.

படிப்பு முடியாததால் சி.ஜி.பி.ஏ.வுக்குப் பக்கத்தில் ‘மூன்றாம் செமஸ்டர் வரை’ என்று குறிப்பிடுங்கள். சதவீதம் கேட்டால் பத்தால் பெருக்கிவிட வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகம் தந்திருக்கும் மாற்று விதியையே பயன்படுத்துங்கள்.

வடிவமைப்பில் அதிகம் யோசிக்க வேண்டாம்: ஏ4, ஒரே நெடுவரிசை, 11 அளவு எழுத்து. திறனை நட்சத்திரமாகவோ பட்டையாகவோ காட்டும் இரட்டை நெடுவரிசை டெம்ப்ளேட் அழகாக இருக்கும். ஆனால் வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் அதை வரிசை மாற்றிப் படிக்க வாய்ப்புண்டு. சோதிப்பது எளிது. பி.டி.எஃப்.பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் குழம்பினால் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். எதுவுமே ஒட்டவில்லையென்றால் உங்கள் கோப்பு வெறும் படம். வேர்டிலிருந்து நேரடியாக பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள்.

பரிந்துரையாளராக உங்கள் கைடின் பெயரைப் போடும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். ப்ராஜெக்ட் பத்தியையும் அவரிடம் காட்டுங்கள், தவறான எண் இருந்தால் உடனே பிடித்துவிடுவார். கோப்புக்கு உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கட்டும். மெயிலின் பொருள் வரியில் அறிவிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, எந்தத் தகுதி, எந்த அனுபவம் அந்தப் பணிக்குப் பொருந்துகிறது என்று நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். ஒரே மெயிலில் பத்துப் பேராசிரியர்களின் முகவரியைச் சேர்த்து அனுப்பாதீர்கள்; அதைப் பார்க்கும் எவரும் பதில் போட மாட்டார்.