கேமரா கேள்வி–பதில்: ஐம்பதா, இருபத்து நாலா?

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாமா கொடுத்த கேனான் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது; கிராப் சென்சார். கூடவே வந்த 18-55 கிட் லென்ஸும் உண்டு. சின்னக்கடை வீதி, காந்தி மார்க்கெட் பக்கம் சுற்றித் தெருப் படங்கள் எடுக்கிறேன். நண்பர்கள் எல்லோரும், “50 எஃப்/1.8 வாங்குடா, விலையும் கம்மி, பின்னாடி அப்படியே ப்ளர் ஆகும்” என்கிறார்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரசோனே ஐம்பதில்தான் எடுத்தார் என்று ஒருவன் அடித்துச் சொல்கிறான். வாங்கலாமா ஐயா?
— ஒரு மாணவர், திருச்சி

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பெரியவர் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் நடந்தார். காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தவர் அவர். ஆனால் அவர் கையில் இருந்தது லைக்கா. அதன் ஃபிலிம் 36-க்கு 24 மி.மீ. உங்கள் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சார் ஏறக்குறைய 22-க்கு 15தான்; கிராப் என்பது இந்தச் சின்ன அளவைத்தான். ஜன்னல் சின்னதானால் தெருவும் குறைவாகத்தானே தெரியும்? கேனான் கிராப்பில் எந்த லென்ஸையும் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் 50-ஐ மாட்டினால் கிடைப்பது 80-இன் பார்வை. அவர் பார்த்த அகலத்தில் பார்க்க உங்களுக்கு 31 வேண்டும். இந்தப் பெருக்கலை உங்கள் நண்பரிடமும் சொல்லிவிடுங்கள்.

சரி, கணக்கை விட்டுவிட்டுக் கடை வீதிக்கு வருவோம். கேமராவைப் படுக்கை வாட்டில் பிடித்து ஓர் ஆளைத் தலைமுதல் கால்வரை ஃபிரேமுக்குள் கொண்டுவர, 50-க்கு நீங்கள் ஐந்தே முக்கால் மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிட்டத்தட்ட பத்தொன்பது அடி. சாயங்கால நேரத்துச் சின்னக்கடை வீதியில் பத்தொன்பது அடி வெற்றிடத்தை யார் உங்களுக்குக் கொடுப்பார்கள்? பின்னால் நகர்ந்தால் பாத்திரக்கடை அடுக்கில் முதுகு இடிக்கும். அப்படியே இடம் கிடைத்தாலும் நடுவில் இரண்டு பைக், ஒரு தள்ளுவண்டி, கட்டைப்பையோடு நாலு பேர். இதே ஆளை 24 மி.மீ.யில் எடுக்க ஒன்பது அடி போதும். நம் ஊர்க் கடைத்தெருக்களில் அந்த ஒன்பது அடி பெரும்பாலும் கிடைக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிது. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் விழா. கழுத்தில் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா, அதில் 70-210 ஜூம். நீளமாக இருந்தால்தான் பத்திரிகைக்காரன் என்று மரியாதை கிடைக்கும் என்று ஒரு நினைப்பு. தெற்கு மாட வீதியில் கூட்டம் நெருக்கியதில் பின்னால் ஓர் அடி எடுத்து வைக்க வழியில்லை. பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஆறடி தூரத்தில் போகின்றன. வ்யூஃபைண்டரில் தெரிவது பல்லக்குத் தூக்கியின் காதும் பாதித் தோளும். 36 படச் சுருள் ஒன்று தீர்ந்தது. அலுவலகத்தில் கழுவிப் பார்த்தால் முழுசாக ஒரு நாயன்மார்கூட இல்லை. என்னோடு வந்த சீனியர் 28 மி.மீ.யை மாட்டிக்கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று எடுத்த படம்தான் மறுநாள் அச்சானது. “தம்பி, காது நல்லா வந்திருக்கு” என்றார் அவர். இன்றைக்கும் அந்தக் கேலி காதிலேயே நிற்கிறது.

ஆகவே என் பதில்: உங்கள் கேமரா பாடிக்கு 50 வேண்டாம். கேனானின் இஎஃப்-எஸ் 24 எஃப்/2.8 எஸ்டிஎம் என்று ஒன்று 2014-இல் வந்தது. பான்கேக் என்று சொல்வார்கள்; எனக்கு அது தடித்த அடை மாதிரிதான் தெரிகிறது. எடை 125 கிராம், தடிமன் 23 மி.மீ.க்குள். மாட்டினால் லென்ஸ் இருப்பதே தெரியாது. உங்கள் கிட் லென்ஸ் ஏழு செ.மீ. நீளம். பூக்காரம்மா முகத்துக்கு நேரே ஏழு செ.மீ. குழாய் நீள்வதற்கும் இந்த அடை எட்டிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பெரிய லென்ஸைத் தூக்கினால் என் காதில் விழும் முதல் கேள்வி, “எந்த பேப்பர் சார்?” இதைத் தூக்கினால் பாதிப் பேர் கவனிப்பதில்லை, கவனித்தவர்கள், “பழைய கேமராவா?” என்று விசாரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

எஃப் எண் கூடினால் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும்; எஃப்/1.8 போய் எஃப்/2.8 ஆகிறதே என்று கவலைப்படாதீர்கள். 50-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600 வைக்கிற இடத்தில் இதில் 4000 வைக்க வேண்டும், அவ்வளவே. கொஞ்சம் மணல் மணலாக வரும், வரட்டும். பின்புலம் கரைந்துபோவதைப் பற்றி மட்டும் உங்கள் நண்பர்களோடு எனக்குச் சண்டை. முகத்தைத் தவிர மற்றதெல்லாம் வெண்ணெயாக உருகிவிட்டால் அது காந்தி மார்க்கெட்டா காபூலா என்று எப்படித் தெரியும்?

போன மாதம் ஒரு காலை, திருவல்லிக்கேணிக் குளத்தோரம். பூக்காரம்மா ஒருவர் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்து முழம் அளக்கிறார். கண் சரத்தில். இடது பக்கமிருந்து ஒரு மாடு கூடைக்குள் மூக்கை நுழைக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. அளக்கிற கையை நிறுத்தாமல், மற்ற முழங்கையால் மாட்டின் தாடையை நெட்டித் தள்ளுகிறார். வாங்க வந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சில்லறையை எண்ணுகிறாள். நான் ஏழடியில் இருந்தேன், 24-இல். மூன்றும் விழுந்தன: சரம், மாடு, சில்லறை. 50 என்றால் அதே இடத்திலிருந்து பூக்காரம்மாவின் முகமும் மல்லிகையும் அழகாக வந்திருக்கும், காலண்டருக்கு ஆகும்.

இன்னொரு லாபம், ஃபோகஸ். பகலில் எஃப்/8 வைத்து, நாலு மீட்டர் தள்ளி இருக்கும் எதன்மேலாவது (நம் நடையில் ஐந்து எட்டு) ஃபோகஸ் பிடித்துவிட்டு, லென்ஸ் பக்கவாட்டுப் பொத்தானை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். 24-இல் இரண்டு மீட்டரிலிருந்து தெருக்கோடிவரை எல்லாம் தெளிவாக இருக்கும். இனி கேமரா யோசிக்காது. கண் முன்னால் நடந்ததும் அழுத்த வேண்டியதுதான். இதையே 50-இல் செய்தால் மூன்றேகாலிலிருந்து ஐந்தேகால் மீட்டர்வரைதான் தெளிவு. ஓடிவரும் பையன் அந்த இரண்டு மீட்டர் பட்டைக்குள் வந்து நிற்பானா? ஐஎஸ்ஓ 400 போதும். வெயிலில் ஷட்டர் 1/1600 வரை போகும், கட்டட நிழலில் 1/200-க்கு இறங்கும். தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த லென்ஸில் தூரம் காட்டும் அளவுகோல் கிடையாது, ஃபோகஸ் வளையமும் கேமரா விழித்திருந்தால்தான் வேலை செய்யும். அணைத்துப் போட்டு எழுப்பினால் மறுபடி ஒருமுறை பிடித்துக்கொள்ளுங்கள்.

காசைச் செலவழிக்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் 18-55 வளையத்தில் 24 என்று எழுதியிருக்கும். அங்கே நிறுத்தி, எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இரண்டு வாரம் பிரிக்கக் கூடாது. அப்புறம் 50-இல் நிறுத்தி இரண்டு வாரம். ஒரு மாதத்துக்கு டேப் செலவு ஐந்து பத்து ரூபாய். இரண்டாவது பாதியில் எடுத்த படங்கள்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு 50-ஐ வாங்குங்கள். முகங்களுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் அது தங்கமான லென்ஸ்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. நிக்கான் இசட்5 வைத்திருக்கிறேன். கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் எடுக்க 26 எஃப்/2.8 வாங்குவதா, 40 எஃப்/2 வாங்குவதா? மெலிசானது 26 என்பதால் அதன் பக்கம் மனசு சாய்கிறது.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்களுடையது ஃபுல் ஃப்ரேம், அதாவது ஃபிலிம் அளவு சென்சார்; மேலே தம்பிக்குச் சொன்ன பெருக்கல் உங்களுக்கு இல்லை. 26 என்றால் 26-தான், நல்ல அகலம். 40 என்றால், அவருடைய 24 காட்டும் பார்வைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

மெலிசு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 26-இன் தடிமன் 23.5 மி.மீ., 40-இன் நீளம் 45.5. வித்தியாசம் ஒரு கட்டைவிரல் அகலம். ஆனால் உங்கள் பாடியே கிட்டத்தட்ட ஏழு செ.மீ. தடிமன். லென்ஸ் எவ்வளவு மெலிந்தாலும் பாடி மெலியாதே. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், திருத்த வேண்டிய நோட்டுகள் எல்லாவற்றையும் வைத்த பிறகு பையில் எத்தனை செ.மீ. மிச்சம் என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பன்னிரண்டு செ.மீ. இருந்தால் 40 தாராளமாகப் போகும். எடை 170 கிராம். 26-ஐவிட 45 கிராம்தான் கூடுதல்.

நான் 40-ஐச் சொல்வதற்குக் காரணம் வேறு. 26-இல் ஆளுக்கு மிக நெருங்க வேண்டும்; நாலைந்து அடி. தள்ளி நின்றால் படத்தில் ஆள் எறும்பாகிவிடுவார், தார் ரோடும் வானமும்தான் மிஞ்சும். பழகாதவர்கள் அந்த நாலடிக்குப் போகத் தயங்குவார்கள். நானே பல நாள் தயங்கியிருக்கிறேன். 40-இல் பேச்சுத் துணைக்கு நிற்கிற தூரத்தில் நின்றால் போதும். யாராவது முகம் சுளித்தால் கேமராவை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள், எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் முதல் நாள் என்னை விரட்டினார். படத்தைக் காட்டினேன். “பொட்டியில கரி சிவப்பா தெரியுற மாதிரி எடு சார்” என்றார். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளைகளை எடுக்கும்போது பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 பீரோவில் கிடக்கிறது. அதிலுள்ள 50 எஃப்/2 லென்ஸை என் சோனி மிரர்லெஸ்ஸில் (கிராப்) மாட்டித் தெருவில் எடுக்க முடியுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும். அடாப்டர் என்பது கண்ணாடி இல்லாத வெறும் உலோக வளையம், விலை குறைவு. சோனி கிராப்புக்குப் பெருக்கல் 1.5, ஆக 75-இன் பார்வை. சந்து பொந்துக்கு நெருக்கடிதான். மகாமகக் குளக்கரை மாதிரி திறந்த இடத்தில் ஜோராக இருக்கும். ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஆனால் பழைய லென்ஸ்களில் அடியும் மீட்டரும் பொறித்த தூர அளவு உண்டே, அதற்காகவே எனக்கு அவற்றின்மேல் ஒரு பாசம்.

மாட்டுமுன் பங்கஸ் பாருங்கள். அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையத்தை எஃப்/2-இல் வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒருமுறை செகண்ட் ஹேண்டில் ஒரு 35 வாங்கினேன். கடை டியூப்லைட்டில் பளிங்கு மாதிரி இருந்தது. வீட்டில் டார்ச் அடித்ததும் என் மனைவி, “உள்ளே கோலம் போட்டிருக்கே” என்றார். கடைக்காரர் திருப்பி வாங்கவில்லை. அன்றிலிருந்து சட்டைப் பையில் டார்ச் இல்லாமல் லென்ஸ் வாங்கப் போவதில்லை.

அப்பாவின் லென்ஸ் சுத்தமாக இருந்தால் முதலில் தோல் உறையிலிருந்து விடுதலை கொடுங்கள்; தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் பாச்சை உருண்டையும் வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் உள்ளே போட்டு 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்து வெயிலில் நாலு படம் எடுப்பது.

கேள்வி: லென்ஸைப் பாதுகாக்க யூவி ஃபில்டர் போடலாமா? நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள்?
— ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: கடல் காற்றில், மணல் பறக்கிற இடத்தில் போடுங்கள், உங்கள் ஊருக்கு அது நியாயம். ராத்திரிக் கடைத்தெருவில் கழற்றிவிடுங்கள். மலிவான ஃபில்டரில் ஒவ்வொரு பல்புக்கும் தலைகீழாக ஒரு பேய் பல்பு படத்தில் முளைக்கும். நான் 24-இல் திருகி மாட்டுகிற சின்ன ஹூட் மட்டும் போட்டிருக்கிறேன். இடித்தால் முதலில் அது வாங்கிக்கொள்ளும். அசல் மூடி போன மார்கழியில் திருவல்லிக்கேணிக் குளத்துக்குள் விழுந்துவிட்டது. இன்னும் வேறு வாங்கவில்லை.