மேசை சிஎன்சி மில்லிங் இயந்திரத்தை (கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரம்) வைஃபையில் இணைத்து, தூசி உறிஞ்சியையும் அதனோடு சேர்த்து இயக்க முடியுமா?

முடியும். ஆனால் வைஃபை வழியாகக் கோப்பு மட்டும் போகட்டும். வெட்டும் கட்டளைகள் வரிவரியாக அதன் வழியே போகக் கூடாது. உங்களிடமும் என்னைப் போல ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், அசைவுகளை நடத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடும் சிறிய இயந்திரம் இருக்கும் என்று எண்ணியே எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கு மெழுகு மாதிரிகள் வெட்டிக் கொடுக்கிறேன். மடிக்கணினி மாடியில் இருந்ததால், யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீற்றர்தான் எல்லை என்பதை அறிந்தும், நீட்டிப்புக் கேபிள் போட்டு 10 மீற்றருக்கு இழுத்திருந்தேன். ஒரு கலியாணத்துக்கான தாலிப் பதக்கம் மூன்று மணி நேரம் வெட்டுப்பட்டு முடியும் தறுவாயில், துகள்களை அகற்றுவதற்காகத் தூசி உறிஞ்சியைப் போட்டேன். அந்த நொடியிலேயே யூஎஸ்பி தொடர்பு அறுந்தது. ஜிஆர்பிஎல் தன்னிடம் சேர்ந்திருந்த சில அசைவுகளை மட்டும் முடித்துவிட்டு நின்றது, ஆனால் வெட்டுமுனையைச் சுழற்றும் சுழல்தண்டை நிறுத்தும் கட்டளை வராததால் வெட்டுமுனை ஓரிடத்திலேயே சுழன்று மெழுகை உருக்கிவிட்டது. மீண்டும் இணைத்தபோது ஆர்டுயினோ புதிதாகத் தொடங்கி, நின்ற இடத்தையே பூச்சியமாக எடுத்துக்கொண்டது. தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் எல்லை சுவிட்சுகள் இல்லாத இயந்திரத்தில் அதை மீட்க வழியில்லை.

இரண்டு வாரம் மென்பொருளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வந்த மின்வேலைக்காரர் பிளக் பொயின்டைக் கழற்றிப் பார்த்தபோது, எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்கவில்லை. உறிஞ்சி கிளப்பிய மின்னிரைச்சல் நிலத்துக்குப் போக வழியின்றி யூஎஸ்பியைக் குழப்பியிருக்க வேண்டும். முன்பு அந்த வேலையைச் செய்தவர் முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு போனவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது இயந்திரத்தின் அருகில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சிறு கணினி இருக்கிறது. அதில் ஓடும், கட்டளைகளை இயந்திரத்துக்கு அனுப்பும் சிஎன்சிஜேஎஸ் மென்பொருளுக்கு மடிக்கணினியின் உலாவியிலிருந்து வைஃபை வழியாகக் கோப்பை அனுப்பிவிட்டால், மடிக்கணினி உறங்கினாலும் வேலை நிற்பதில்லை. பையிலிருந்து இயந்திரத்துக்கு அரை மீற்றர் யூஎஸ்பி கேபிள். பையிலிருந்து ரவுட்டருக்கு ஈதர்நெட் கேபிள், அது 100 மீற்றர் வரை தாங்கும். பைக்கு ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்குங்கள். வெளியிலிருந்து இணையம் வழியாக அதைத் திறந்துவிடாதீர்கள்.

தூசி உறிஞ்சிக்கு, ஜிஆர்பிஎல்லின் குளிரூட்டி வெளியீட்டை ஒளித்தனிமை கொண்ட ரிலேயுடன் (இரு பக்கத்தையும் மின்னால் பிரித்து வைக்கும் சிறு சுவிட்ச்) இணைத்து, அந்த ரிலே ஒரு கொன்டாக்டரை (பெரிய மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்) இயக்குமாறு செய்தால், கோப்பில் எம்8 என்ற கட்டளை வந்ததும் உறிஞ்சி ஓடும், எம்9 வந்ததும் நிற்கும். உறிஞ்சிக்கான மின்சாரத்தை வேறு பிளக் பொயின்டிலிருந்து எடுங்கள். 230 வோல்ட் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஆர்டுயினோவுக்குப் பதிலாக ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுப் பலகை வாங்கினால் வைஃபை அதிலேயே இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். சரிதான், மறுக்கவில்லை, அதிலும் கோப்பை மெமரி கார்டில் ஏற்றி அங்கிருந்தே ஓட்டுங்கள். மின்வெட்டில் மின் கொடுக்கும் யூபிஎஸ் வாங்குவதானால் பைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்: மின்வெட்டில் மோட்டார்கள் நின்ற பிறகும், யூஎஸ்பியில் மின் பெறும் ஆர்டுயினோ அவை நகர்வதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் எந்த வலையமைப்பிலும் சேர்க்க வேண்டாம். என்னுடையது சுழல்தண்டின் மின்சாரத்தை வயரிலேயே அறுக்கிறது.