தாய்ப்பால் கொடுக்கும்போது எடையைக் குறைத்தால் பால் வற்றிவிடுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். சிசேரியன் ஆகி 4 மாதம். கர்ப்பத்துக்கு முன் 60 கிலோ, இப்போது 74. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். எடை இறங்கவே இல்லை. சாப்பாட்டைக் குறைத்தால் பால் வற்றிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

குறைக்கலாம். வாரத்துக்கு அரை கிலோ, மாதத்துக்கு 2 கிலோ வரை இறங்கினால் பாலும் குறையாது, குழந்தையின் வளர்ச்சியும் கெடாது. 2000-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எடை கூடிய தாய்மார்கள் 4-வது வாரம் முதல் 14-வது வாரம் வரை தினம் 500 கலோரி குறைத்து, உடற்பயிற்சியும் செய்து, இதே வேகத்தில்தான் இறக்கினார்கள். அவர்களுடைய குழந்தைகள் மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்தன. உங்களுக்கு 4 மாதம் முடிந்துவிட்டது, பால் நிலையாக ஊறத் தொடங்கிவிட்ட காலம் இது. தயங்காமல் ஆரம்பிக்கலாம். 14 கிலோவுக்கு எட்டு, ஒன்பது மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் எடையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் எடையைப் பாருங்கள். 4 முதல் 6 மாதம் வரை குழந்தை மாதம் சுமார் 400 முதல் 500 கிராம் ஏற வேண்டும். அரசு அட்டவணைப்படி 14-வது வாரத் தடுப்பூசிக்குப் பிறகு அடுத்த ஊசி 9 மாதம் முடிந்துதான். இடையில் இருக்கும் இந்த ஐந்தரை மாதத்துக்கும் மேலான காலத்தில் பல குழந்தைகளைத் தராசில் வைப்பதே இல்லை. நீங்கள் உணவைக் குறைக்கப்போவதும் இதே இடைவெளியில்தான். அதனால் ஊசி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், மாதம் ஒருமுறை அங்கன்வாடியிலோ, புதன்கிழமை ஊசி போடும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைத்துவிடுங்கள். வீட்டில் தினம் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போக வேண்டும்.

அடுத்து, பால் எதனால் ஊறுகிறது என்பது. "நெய் விட்டுச் சாப்பிடலைன்னா பால் ஊறாது கண்ணு" என்று பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் குழந்தை எத்தனை முறை சப்புகிறது, மார்பு எவ்வளவு காலியாகிறது என்பதை வைத்துத்தான் பால் ஊறும். இரவு ஊட்டலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. சாப்பாடு கொஞ்சம் குறைந்தால் உடம்பு பாலில் கை வைக்காது, முதலில் உங்கள் கையிருப்பிலிருந்து எடுக்கும். இடுப்பில் சேர்ந்த கொழுப்பு அப்படிப் போனால் நல்லதுதான். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும், முடி கொட்டும், மயக்கம் வரும். பிறகுதான் பால் குறையும். பால் குறைவதற்கு முன்பே தாய் ஓய்ந்துபோகிறாள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 'பால் நல்லாத்தானே வருது' என்று யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இப்போது கணக்கு. வீட்டு வேலை மட்டும் செய்யும் 74 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, பாலுக்குப் போகும் 500 கலோரியையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் சுமார் 2400 கலோரி செலவாகும். சாப்பாடு 1900 முதல் 2000 வரை இருந்தால் வாரம் அரை கிலோ தானாக இறங்கும். 1800-க்குக் கீழே போகவே வேண்டாம். புரதம் ஒரு நாளைக்கு 63 கிராமுக்குக் குறையக் கூடாது. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு ஏறக்குறைய அதுதான்.

இந்த 400, 500 கலோரியை எங்கிருந்து எடுப்பது? சோற்றைப் பாதியாக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பிறகு தட்டைச் சுற்றிச் சேர்ந்துகொண்டவற்றைப் பாருங்கள். பூண்டுக் குழம்புச் சோற்றில் குழிக்கரண்டியால் ஊற்றும் நெய், ஒரு வேளைக்கு 2 மேசைக்கரண்டி இருக்கும். ஒரு மேசைக்கரண்டி நெய் 120 கலோரி. மதியமும் இரவும் இப்படிச் சாப்பிட்டால் நெய்யில் மட்டும் 480. பிறகு பால். ஆரஞ்சு பாக்கெட் நிறைகொழுப்புப் பால் 150 மில்லி 130 கலோரி, அதில் 2 டீஸ்பூன் சர்க்கரை 40, ஊட்டச்சத்துப் பானப் பொடி 2 ஸ்பூன் 55. ஒரு டம்ளருக்கு 225 ஆகிறது. 'பால் ஊறட்டும்' என்று மூன்று வேளை கொடுத்தால் 675. அதே மூன்று டம்ளரை, கொழுப்பு குறைந்த நீல பாக்கெட் பாலில், பொடியும் சர்க்கரையும் இல்லாமல் குடித்தால் 270தான். பால் தரும் புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே 400 கலோரி போய்விட்டது, சோற்றைத் தொடவே இல்லை. பூண்டு, முருங்கைக்கீரை, மிளகு ரசம் எல்லாம் இருக்கட்டும், அவை நல்ல சாப்பாடு. நெய்யை மட்டும் குழிக்கரண்டியிலிருந்து டீஸ்பூனுக்குக் கொண்டுவாருங்கள், வேளைக்கு ஒன்று. பிரசவ லேகியம் 4 மாதத்துக்குப் பிறகு தேவையில்லை. அதில் பெரும்பகுதி வெல்லமும் நெய்யும்தான்.

ஒரு நாள் சாப்பாடு ஏறக்குறைய இப்படி இருக்கட்டும். காலையில் 3 இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், ஒரு முட்டை. பதினொரு மணிக்கு 40 கிராம் பயறு ஊறவைத்து வேகவைத்த சுண்டல் ஒரு கிண்ணம், ஒரு கொய்யா. மதியம் ஒன்றரைக் கப் சோறு, பருப்பு போட்ட கீரைக் கூட்டு, ஒரு பொரியல், மோர். வாரம் மூன்று நாளாவது கோழியோ மேட்டூர் அணை மீனோ சேரட்டும், வறுக்காமல் குழம்பாக. மாலையில் சர்க்கரை குறைத்த பால், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. இரவு 2 சப்பாத்தி அல்லது தோசை, பருப்பு. எல்லாம் சேர்ந்து 2000 கலோரியை ஒட்டி வரும், புரதமும் எட்டிவிடும்.

பலரும் சறுக்குவது நள்ளிரவில்தான். இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு பசி எடுக்கும். அது உண்மையான பசி, அடக்க வேண்டாம். தலைமாட்டில் ரஸ்க், பிஸ்கட் டப்பா இருந்தால் நாலைந்து கணக்கில்லாமல் போகும், அரை மணியில் மறுபடி பசிக்கும். அதற்குப் பதிலாக 30 கிராம் பொட்டுக்கடலையும் ஒரு சொம்பு தண்ணீரும் வையுங்கள். சுமார் 110 கலோரி, வயிறும் நிற்கும்.

நம் ஊர்ச் சாப்பாடு சிலவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜவ்வரிசியை லேசான ஆகாரம் என்று நினைக்கிறோம். 100 கிராமில் 350 கலோரி, புரதம் கிட்டத்தட்ட இல்லை. விரத நாளில் ஜவ்வரிசிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் தாய்க்கு மாவுச்சத்து மட்டும்தான் கிடைக்கிறது. மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான், சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம், சோற்றோடு சேர்த்து வேண்டாம். 'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருப்பதால் பசி தாங்கும். ரசமாகவும் துவையலாகவும் தாராளமாகச் சேருங்கள், பால் வற்றாது. வெறும் கொள்ளுக் கஞ்சியிலேயே நாளை ஓட்டுவதுதான் தவறு. மலையிலிருந்து வரும் சாமையும் ராகியும் நல்லவை, ஆனால் கலோரியில் அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. சாமைச் சோறு என்பதற்காக அளவு கூடக் கூடாது. மாம்பழ சீசனில் நடுத்தர மல்கோவாவில் பாதி சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. காபி ஒரு நாளைக்கு 2 டம்ளரோடு நிற்கட்டும். கைக்குழந்தையின் உடம்பிலிருந்து காஃபின் வெளியேற நேரம் பிடிக்கும், தூக்கம் கெடும். தண்ணீரைக் குறைத்தால் தொப்பை போகும் என்பது பொய். சித்திரை வெயிலில் தாகத்துக்குத் தக்கபடி, எப்படியும் இரண்டரை, மூன்று லிட்டராவது குடியுங்கள்.

செய்யவே கூடாதவை. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் கீட்டோ உணவு பாலூட்டும் தாய்க்கு ஆபத்து. பாலில் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும்போது உள்ளே மாவுச்சத்தும் வராவிட்டால் இரத்தம் அமிலமாகிவிடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைக்குப் போன தாய்மார்கள் உண்டு. 16 மணி நேரப் பட்டினியும் வேண்டாம். நிலாவாரை கலந்த 'ஸ்லிம்' டீ பேதி மருந்துதான், தண்ணீர்தான் வெளியேறும். கொழுப்பு கரைக்கும் மாத்திரை, எடை குறைக்கும் ஊசி எதுவும் பாலூட்டும் காலத்துக்கு உரியவை அல்ல.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையால் குண்டாகிறோம் என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அவற்றில் எடை கூட எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை இரண்டையும் எடுக்க வேண்டும், சேர்த்து அல்ல, வேறு வேறு நேரத்தில். முட்டைகூடச் சாப்பிடாத சைவம் என்றால் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். தாய்க்கு அது குறைந்தால் பாலிலும் குறையும், குழந்தையின் நரம்பு வளர்ச்சியே பாதிக்கும்.

உடற்பயிற்சிக்கு முன் வயிற்றுத் தசை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை இறுகி, நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதில் பக்கம் பக்கமாக இரண்டு விரலுக்கு மேல் இறங்கினாலோ, நடுவில் கூம்பு போல மேடு எழுந்தாலோ, எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சிகள் இப்போது கூடாது, பிரிவு இன்னும் அதிகமாகும். இயன்முறை மருத்துவரிடம் காட்டி, மூச்சை விட்டு அடிவயிற்றை உள்ளே இழுக்கும் பயிற்சியில் தொடங்குங்கள். சேலை கொண்டு வயிற்றை இறுக்கிக் கட்டுவதால் கொழுப்பு போகாது. நம் வெயிலில் தையலோரம் வியர்த்துப் புண்ணாகும்.

நடைதான் உங்களுக்கு ஏற்றது. முதல் வாரம் 15 நிமிடம், பிறகு 30 முதல் 40 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். கோடையில் காலை ஏழுக்குள் அண்ணா பூங்காவிலோ மொட்டை மாடியிலோ முடித்துவிடுங்கள். ஏற்காட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மேடேறி இறங்கும் பாதையே போதும், நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம். பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. உள்ளாடை தாங்கிப் பிடிக்க வேண்டும், நசுக்கக் கூடாது, நசுக்கினால் பால் கட்டும். 30 நிமிட நடையில் போவது 130 கலோரிதான், ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி நெய். அதனால் நடந்துவிட்டேன் என்று சாப்பாட்டுக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

எடையை வாரம் ஒரே ஒரு நாள், காலையில், பால் கொடுத்த பிறகு பாருங்கள். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் ஒரு நாளைக்கு 200, 300 கலோரி கூட்டுங்கள். குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலும் அப்படியே செய்து, இரண்டு நாள் அடிக்கடி பால் கொடுங்கள். அப்போதும் சரியாகாவிட்டாலும், குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலும், குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றரை மாதத்தில் முள் அசையாவிட்டால், அல்லது படபடப்போடு வேகமாக இறங்கினால், தைராய்டு பரிசோதனை எடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி இந்த மாதங்களில்தான் தலைகாட்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், 6 முதல் 12 வாரத்துக்குள் செய்திருக்க வேண்டிய குளுக்கோஸ் பரிசோதனையை இனியும் தள்ளாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியதும் கணக்கு மாறும். குழந்தை குடிக்கும் பால் மெல்லக் குறையும், உங்கள் பசி மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். கிண்ணத்தில் மீந்த நெய் போட்ட ராகிக் கஞ்சியையும் பருப்புச் சோற்றையும் வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வீர்கள். அப்போது பதினொரு மணிச் சுண்டலையோ மாலைக் கடலையையோ பாதியாக்குங்கள், குழந்தைக்கு இரண்டு ஸ்பூன் குறைவாகவே பிசையுங்கள்.