பட்டாணியில் அடித்த நாணயம்

கேள்வி: உருதுவில் நையாண்டி பெரிய சமூக விமர்சனமாக வளர்ந்தது என்று போன இதழில் ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். உருது என்றால் கஜல், கவ்வாலி, அதுவரை சரி. கிண்டல் எழுதி எந்த ராஜா திருந்தினான்? சிரித்துவிட்டுப் போகிற சமாசாரத்துக்கு விமர்சனம் என்று எதற்குப் பட்டம்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஒரு ராஜாவும் திருந்தவில்லை. ஒரு ராஜா கவிஞரின் உயிரையே வாங்கினார் என்பார்கள். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

1713-ல் மொகலாய பாதுஷா ஃபரூக்சியர் தில்லி சிம்மாசனத்தில் ஏறினார். புது பாதுஷா வந்தால் புது நாணயம். அதில் அவர் பெயரை வைத்து ஈரடியில் ஒரு பாரசீகச் செய்யுள். ‘இறையருளால் வெள்ளியிலும் பொன்னிலும் நாணயம் அடித்தார், கடலுக்கும் நிலத்துக்கும் அதிபதி’ என்கிற ரகம். அதே சந்தத்தில் ஜாஃபர் ஸடல்லி என்ற உருதுக் கவிஞர் வேறொன்று கட்டினார்: ‘கோதுமையிலும் பயறிலும் பட்டாணியிலும் நாணயம் அடித்தார், தோல்வாரால் கழுத்தை நெரிக்கும் பாதுஷா ஃபரூக்சியர்.’ கஜானா காலி, மிச்சம் இருப்பது தானியம், பிடிக்காதவனுக்குத் தோல்வார். ஒரு ஆட்சியின் முழுக் கணக்கும் இரண்டு அடியில் வந்துவிட்டது. ‘ஸடல்’ என்றால் பிதற்றல். அந்தப் பெயரை விரும்பி வைத்துக்கொண்ட மனிதர். இந்தச் செய்யுளுக்காக அவருக்கு மரண தண்டனை கிடைத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1719-ல் ஃபரூக்சியரையும் கண்ணைக் குருடாக்கி, கழுத்தை நெரித்தே கொன்றார்கள். அதைச் செய்தது, தர்பாரில் பாதுஷாக்களை ஏற்றி இறக்கிய சையத் சகோதரர்களின் கூட்டம். கவிதைக்கு அதில் பங்கில்லை. ஆனால் அவர் அடித்த வெள்ளி நாணயத்தைப் பார்க்க மியூசியம் போகவேண்டும். பட்டாணி நாணயம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பாருங்கள், திண்டுக்கல் வரை வந்துவிட்டது.

அப்புறம், நையாண்டியின் முகவரி ராஜாதான் என்று யார் சொன்னார்கள்? ராஜா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, அவர்தான் உருது எழுத்தாளர்களுக்குப் பிடித்த ஆள். அக்பர் இலாஹாபாதியை (1846–1921) எடுத்துக்கொள்ளுங்கள். லக்னோவில் 1877-ல் தொடங்கிய ‘அவத் பஞ்ச்’ கிண்டல் பத்திரிகையில் எழுதிப் பேர் வாங்கியவர். அவருடைய ஈரடி ஒன்று: ‘கௌம் கே கம் மே டின்னர் காத்தே ஹை ஹுக்காம் கே ஸாத், ரஞ்ச் லீடர் கோ பஹுத் ஹை மகர் ஆராம் கே ஸாத்.’ சமூகத்தை நினைத்துத் துக்கம் தாளாமல் அதிகாரிகளோடு டின்னர் சாப்பிடுகிறார்களாம். லீடருக்கு வருத்தம் ரொம்ப, ஆனால் சௌகரியமாக.

இதில் ‘டின்னர்’, ‘லீடர்’ இரண்டையும் கவனியுங்கள். உருதுவில் இவற்றுக்குச் சொல் இல்லாமல் இல்லை. வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டியதுபோல அந்தச் சொற்கள் செய்யுளுக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. சந்தம் பிசகவில்லை, ஆனால் காதில் இடிக்கிறது. கிண்டல் முழுக்க அந்த இடிப்பில் இருக்கிறது. இதை எழுதியவர் யார்? வெள்ளைக்காரன் கோர்ட்டில் நீதிபதி. கான் பகதூர் பட்டம் வாங்கியவர். மகனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டு, ‘லண்டன் காற்று பட்டதும் வீட்டு அன்பின் ருசி மறந்துவிட்டது’ என்று அவனையே கவிதையில் வைத்துத் திட்டியவர். டின்னர் மேஜையில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அதனால்தான் அந்த மேஜையை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உடனே அக்பரைத் தூக்கிவைத்துக் கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள். பெண்கள் வெளியே வருவதும் படிப்பதும் அவருக்கு ஆகாது. பிரபலமான நாலடி ஒன்று உண்டு: முக்காடில்லாமல் சில பெண்கள் வருவதைப் பார்த்தாராம், சமூக மானம் போனதே என்று மண்ணுக்குள் புதைந்தாராம். ‘உங்கள் திரை என்ன ஆயிற்று?’ என்று கேட்டால், ‘ஆண்களின் புத்தி மேல் போய் விழுந்துவிட்டது’ என்றார்களாம். புத்தியில் திரை விழுவது என்றால் உருதுவில் மதி மயங்கிப்போவது. பெண்களை இப்படி விட்டுவிட்ட ஆண்களைத் திட்டத்தான் அவர் இதை எழுதினார். இன்று படிக்கும்போது என்ன நடக்கிறது? சாமர்த்தியமான பதில் பெண்கள் வாயில் இருக்கிறது, அசடு வழிய நிற்பவர் அக்பர். நல்ல ஜோக்குக்கு இந்த ஆபத்து உண்டு. எழுதியவரின் கட்சியில் அது கடைசிவரை இருக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் கேள்வியை அக்பரே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது இன்னும் சுவாரசியம். 1875-ல் அலிகரில் ஆங்கிலக் கல்வி தொடங்கிய சர் சையத் அகமது கானை அவர் கிண்டல் செய்ததற்கு அளவில்லை. 1898-ல் சையத் இறந்ததும் எழுதினார்: ‘நாம் பேச்சுதான், பேச்சேதான், சையத் வேலை செய்தார். சொல்கிறவனுக்கும் செய்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காதீர்கள்.’ ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்த ஆளிடம் இப்படி ஒப்புக்கொள்ள நெஞ்சு வேண்டும்.

பித்ரஸ் புகாரி, யூசுஃபி போன்ற நகைச்சுவை எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்ல இங்கே இடமில்லை. ‘உருது நையாண்டி என்றால் பாகிஸ்தான் சரக்கு’ என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை மட்டும்: தில்லி ‘மிலாப்’ நாளிதழில் ‘வெங்காயத் தோல்’ என்று பத்தி எழுதிய ஃபிக்ர் தௌன்ஸ்வியின் இயற்பெயர் ராம்லால் பாட்டியா.

சிறுகதைக்காரர் மண்ட்டோவிடம் நின்றே ஆகவேண்டும். 1948-ல் வந்த அவருடைய ‘ஸியாஹ் ஹாஷியே’ (கறுப்பு ஓரங்கள்), பிரிவினைக் கலவரம் பற்றிய குட்டிக் குட்டித் துணுக்குகள். சில துணுக்குகள் இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். அதில் ஒன்று: லாகூரில் ஒரு கும்பல், அந்த ஊருக்கு வாரி வழங்கிய இந்து வள்ளல் சர் கங்காராமின் சிலை மேல் பாய்கிறது. ஒருவன் முகத்தில் தார் பூசுகிறான். இன்னொருவன் பழைய செருப்புகளை மாலையாகக் கோத்து, சிலையின் கழுத்தில் போட ஏறுகிறான். போலீஸ் வருகிறது, சுடுகிறது. செருப்பு மாலைக்காரனுக்குக் காயம். அவனைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள், சர் கங்காராம் ஆஸ்பத்திரிக்கு.

அவ்வளவுதான் கதை. எழுதியவர் ஒரு வார்த்தை கூடத் தன் கருத்தாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்கிறார், போய்விடுகிறார். ‘பிணங்களை வைத்து ஜோக்கா?’ என்று முற்போக்கு எழுத்தாளர்களே அவர் மேல் பாய்ந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கலவரத்தைப் பற்றி உருக்கமாக எழுதப்பட்ட பல பக்கங்கள் மறந்துபோய்விட்டன, இந்த ஆஸ்பத்திரி மறக்கவில்லை.

கடைசியாக, கவிஞரும் நகைச்சுவை எழுத்தாளருமான இப்னே இன்ஷா. ஜலந்தர் பக்கம் பிறந்து, பிரிவினையில் பாகிஸ்தான் போனவர். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தைப் பகடி செய்து ‘உருது கீ ஆக்ரி கிதாப்’ (உருதுவின் கடைசிப் புத்தகம்) என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் ‘நமது நாடு’ என்ற பாடம் கேள்வி-பதிலாகவே போகும். நம் கேள்வி-பதில் பக்கத்துக்கும் பொருத்தம்தான். ஈரானில் யார் இருக்கிறார்கள்? ஈரானியர். இங்கிலாந்தில்? ஆங்கிலேயர். இது பாகிஸ்தான், இதில் பாகிஸ்தானியர் இருப்பார்கள், இல்லையா? இல்லை, சிந்தி இருக்கிறார், பஞ்சாபி இருக்கிறார், வங்காளி இருக்கிறார். சிந்தியும் பஞ்சாபியும் இந்தியாவிலும் இருக்கிறார்களே, பிறகு எதற்குத் தனியாக ஒரு நாடு உண்டாக்கினீர்கள்?

‘தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள். இனிமேல் உண்டாக்கமாட்டோம்.’

புத்தகம் 1971-ல் வெளிவந்தது. அந்த வருஷம் டிசம்பரில் வங்காளிகளுக்கு பங்களாதேஷ் என்று தனி நாடே ஆகிவிட்டது.