பழ ஈ திசுவில் எம்பிஎம்-2 ஆன்டிபாடி போட்டால் பாதி உட்கருக்களில் புள்ளியே இல்லை, ஏன்?

ஹிஸ்டோன் லோகஸ் பாடி (உட்கருவில் ஹிஸ்டோன் ஜீன்கள் உள்ள இடத்தில் கூடும் புரதத் திரள்) அங்கேதான் இருக்கிறது, உங்கள் ஆன்டிபாடிக்குத்தான் தெரியவில்லை. இறக்கை டிஸ்க்கில் (லார்வாவில் பின்னர் இறக்கையாக வளரும் திசு) பல உட்கருக்கள் இருட்டாக இருப்பதை மட்டும் வைத்து "பாடி உருவாகவே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

எம்பிஎம்-2 பிடிப்பது இந்தப் பாடியில் உள்ள எம்எக்ஸ்சி புரதத்தை, அதுவும் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும். அந்த பாஸ்பேட்டை ஏற்றுவது சைக்ளின் ஈ–சிடிகே2 என்ற என்சைம். எனவே எஸ் கட்டத்தில் (டிஎன்ஏ நகலாகும் கட்டம்), ஹிஸ்டோன் ஜீன்கள் மும்முரமாகப் படியெடுக்கப்படும் நேரத்தில்தான் புள்ளி ஒளிரும். அதற்கு முந்தைய ஜி1 கட்டத்தில் எம்எக்ஸ்சி, ஃபிளாஷ் போன்ற பாடிப் புரதங்கள் எல்லாம் அதே இடத்தில் கூடித்தான் இருக்கும். பாஸ்பேட் மட்டும் இருக்காது.

சரிபார்க்க:

1. முதலில் ஈடியு (நகலாகும் டிஎன்ஏ-வில் சேரும் அடையாளப் பொருள்) கொடுத்துவிட்டு எம்பிஎம்-2 போடுங்கள். புள்ளி உள்ள செல்களும் ஈடியு ஏறிய செல்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தால் பிரச்சினையே இல்லை.
2. கூடவே எம்எக்ஸ்சி ஆன்டிபாடி. இதில் இன்டர்ஃபேஸ் (பிளவில் இல்லாத) உட்கரு எல்லாவற்றிலும் புள்ளி தெரிய வேண்டும். மியூட்டன்ட் திசுவில் தெரியாவிட்டால்தான் அந்த மியூட்டேஷனைச் சந்தேகப்படலாம்.

டிஎன்ஏ-வில் ஒட்டும் கிளாம்ப் என்ற புரதத்தின் ஆன்டிபாடியை மட்டும் நம்பாதீர்கள். ஹெச்3–ஹெச்4 ஹிஸ்டோன் ஜீன்களின் புரொமோட்டரில் உள்ள ஜிஏ வரிசையில் அந்தப் புரதம் உட்கார்வது உண்மைதான், ஆனால் எக்ஸ் குரோமோசோம் உட்பட வேறு பல இடங்களிலும் உட்காரும். படம் குழப்பும்.

மைட்டாசிஸில் (செல் பிளவில்) உள்ள செல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: எம்பிஎம்-2 அங்கே வேறு பல புரதங்களையும் பிடித்து செல் முழுக்க ஒளிரும். ஒரு உட்கருவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், தாய், தந்தை வழி வந்த ஜோடிக் குரோமோசோம்கள் (ஹோமோலாக்) இரண்டும் இணையாமல் இருக்கலாம்.