யுன்னான் டூர்: அம்மாவுக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: ஏப்ரலில் அம்மாவைச் சீனாவின் யுன்னான் மாகாணத்துக்கு அழைத்துப்போக ஆசை. அம்மாவுக்கு 66 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆறே நாளில் குன்மிங், லிஜியாங், ஷாங்ரிலா, பனிமலை எல்லாம் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். விலையும் மலிவு. "ஊட்டி மாதிரிதான் சார், ஆக்ஸிஜன் டப்பா கொடுத்துவிடுவோம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: ஊட்டிக் கணக்கு பாதிதான் சரி. ஊட்டி 2,240 மீட்டர். குன்மிங் சுமார் 1,900, தாலி என்ற ஊர் சுமார் 2,000, லிஜியாங் 2,400. இதுவரை கவலையில்லை. ஷாங்ரிலா 3,200-க்கும் மேல். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி உச்சியே 2,695தான்! அதற்கும் மேலே போய் அம்மா ராத்தூக்கம் தூங்க வேண்டும்.

லிஜியாங்கிலிருந்து ஷாங்ரிலாவுக்கு 2023 நவம்பரில் ரயில் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிடலாம் என்பதால் ஏஜென்ட்டுகளுக்குக் கொண்டாட்டம். உடம்பு பழக இரண்டு மூன்று நாள் வேண்டுமே, அதை யார் நினைக்கிறார்கள்? சோங்தியன் என்றிருந்த இந்த ஊருக்கு 2001இல் ஒரு நாவலில் வரும் 'ஷாங்ரிலா' என்ற கற்பனைப் பெயரைச் சூட்டினார்கள். பாதிக் கூட்டம் அந்தப் பெயருக்காகத்தான் போகிறது. இந்த முறை ஷாங்ரிலாவை விட்டுவிடுங்கள்.

ஆக்ஸிஜன் டப்பா? கொசு மருந்து டப்பா அளவில் இருக்கும், உறிஞ்சினால் சில நிமிடத்தில் காலி. மனத்தெம்புக்கு ஆகும், வைத்தியத்துக்கு ஆகாது.

பனிமலையில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. லிஜியாங் பக்கத்து யுலோங் மலைதான் அந்தப் பனிமலை. அதில் கேபிள் கார் ஒன்றல்ல, மூன்று. எல்லோரும் சொல்வது பனிப்பாறைக் கேபிள் கார். அது 4,506 மீட்டரில் இறக்கிவிடும், அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம். யுன்ஷான்பிங் என்று இன்னொன்று இருக்கிறது. சுமார் 3,240 மீட்டரில் ஊசியிலைக் காட்டு நடுவே புல்வெளி, எதிரே பனிச்சிகரம். லிஜியாங்கில் இரண்டு இரவு தங்கிய பிறகு, டாக்டர் சரி என்றால், அங்கே ஒரு மணி நேரம் மெல்ல நடந்துவிட்டு இறங்கலாம். டிக்கெட்டில் "யுன்ஷான்பிங்" என்றுதான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாஸ்போர்ட் விவரத்தோடு பதிவாகும் டிக்கெட் அது. வாசலில் "என்னிடம் இருக்கிறது" என்று வருபவனிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது அந்த மலிவு விலை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமே கட்டாத விலையில் ஒருவர் டூர் தருகிறார் என்றால், மிச்சத்தைக் கடைக்காரர் கொடுக்கிறார் என்று அர்த்தம். இப்படி மலிவு காட்டிக் கடைக்கு இழுப்பதைச் சீனச் சுற்றுலாச் சட்டம் 2013லேயே தடுத்தது. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, பஸ் பாட்டுக்குக் கடை வாசலில் நிற்கிறது.

யுன்னானில் பெரிய பொறி ஜேட் என்கிற பச்சைக் கல் வளையல். பர்மாக் கல் எல்லை தாண்டி வரும் மாகாணம், அதனால் தெருவுக்குத் தெரு ஜேட் கடை. நான் அழைத்துப்போன ஒரு அம்மாவின் கையில் சோப்புத் தண்ணீர் தடவி வளையலை ஏற்றிவிட்டார்கள். கழற்ற வரவில்லை. விலை சொன்னது அதற்கப்புறம்தான். சர்டிபிகேட் நீட்டுவார்கள். அது கல் நிஜமா என்றுதான் சொல்லும், அந்த விலை பெறுமா என்று சொல்லாது.

என் கணக்கு: குன்மிங் ஒன்று, தாலி இரண்டு, லிஜியாங் மூன்று இரவு. தாலியில் எர்ஹாய் ஏரிக்கரை, பாய் என்ற உள்ளூர் இன மக்களின் வெள்ளைச் சுவர் வீடுகள். லிஜியாங் பழைய நகரில் தெருவோரம் வாய்க்கால் ஓடும், கடைப் பலகையில் அங்குள்ள நாஷி இன மக்களின் டோங்பா சித்திர எழுத்து இருக்கும். முதுகில் ஏழு வட்டம் தைத்த ஆட்டுத்தோல் போர்த்திய நாஷிப் பாட்டிகளைப் பார்த்தபடி அம்மா அரைநாள் உட்கார்ந்திருப்பார். மே முதல் வார விடுமுறைக்குள் திரும்பிவிடுங்கள், கூட்டம் தாங்காது.

பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. ஏஜென்ட்டிடம் இரண்டு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வோர் இரவும் தங்கும் ஊர், வழியில் நிறுத்தும் கடைகள். வாட்ஸ்அப்பில் "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.