மெசேஜ் அனுப்ப வேண்டியதுதானே?

அன்புள்ள அக்கா,

பள்ளி விடுமுறையில் என் மகளுக்குப் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ‘சைன்ஃபெல்ட்’ போட்டுக் காட்டினேன். சீன உணவகத்தில் மூன்று பேர் மேசைக்காகக் காத்து நிற்பார்களே, அந்த அத்தியாயம். ஜார்ஜ் தன் தோழியிடம் பேச வேண்டும், டிக்கி பாக்ஸை, அதுதான் காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசியை, யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவளோ, “மெசேஜ் அனுப்ப வேண்டியதுதானே?” என்கிறாள். அப்புறம் எலெய்னின் உடுப்பைப் பார்த்துத்தான் சிரித்தாள். இந்தத் தொடர்களுக்கெல்லாம் காலம் முடிந்துவிட்டதா?

– ச., ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள ச.,

மகள் கேட்டது சரியான கேள்வி. 1991-இல் வந்த அந்த அத்தியாயத்தில் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒளிபரப்பிய நிறுவனத்துக்கே அதில் தயக்கம் இருந்தது. நினைத்த நேரத்தில் நினைத்த ஆளோடு பேச முடியாது என்பதை வைத்துத்தான் பாதி அத்தியாயம் ஓடுகிறது. கையில் ஒரு செல்பேசியைக் கொடுத்தால் ஜார்ஜின் பங்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நாம் பசியோடு நிற்கும்போது பின்னால் வந்தவனுக்கு முதலில் மேசை கிடைக்கிறதே, அந்த எரிச்சலுக்கு எந்தச் செயலியும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. அதற்கு அவள் சிரித்தாளா என்று நீங்கள் எழுதவில்லை.

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் ரேச்சல் குடிபோதையில் ராஸின் வீட்டுத் தொலைபேசியில் செய்தி பதியும் கருவியில் மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவாள். அடுத்த நாள் அவள் வீட்டுத் தொலைபேசியிலிருந்தே அவன் அதைக் கேட்டுவிடுவான். இது 1995. இன்றைய ரேச்சல் வாட்ஸ்அப்பில் அதை அழித்துவிடுவாள். சரி, அழித்தாலும் ‘இச்செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி அங்கேயே உட்கார்ந்திருக்குமே! கெட்டிக்கார எழுத்தாளர் கையில் கிடைத்தால் அது அந்தப் பழைய பெட்டியைவிட நல்ல சரக்கு.

உடுப்பு விஷயம் சுலபம். இந்த வகைத் தொடர்கள் ‘இன்றைக்கு’ நடப்பவை. அந்த வருடம் கடையில் என்ன தொங்கியதோ அதைத்தான் பாத்திரங்கள் போட்டுக்கொண்டார்கள். ‘மேஷ்’ 1972 முதல் 1983 வரை ஓடியும் இதில் தப்பித்தது, ஏனென்றால் கதை கொரியப் போரில் நடக்கிறது, எல்லாரும் பட்டாளத்துப் பச்சையில் இருக்கிறார்கள். தலைமுடியை மட்டும் எழுபதுகளிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை.

நம் தென்னாப்பிரிக்காவில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. தொலைக்காட்சியே இங்கே 1976 ஜனவரியில்தான் வந்தது. அதைப் பிசாசின் பெட்டி என்று திட்டிய அமைச்சர் ஒருவர்கூட இருந்தார். நிறவெறி ஆட்சியை எதிர்த்து பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தடை போட்டதால் அங்கிருந்து நிகழ்ச்சிகள் வருவது நின்று, அமெரிக்கத் தொடர்கள் வந்து குவிந்தன. டர்பனில் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் பக்கத்து வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து போன் பேசிவிட்டுப் போன காலம் அது. ஆள் இல்லாதபோது தானே பேசும் பெட்டியெல்லாம் எங்களுக்கு விண்வெளிச் சமாசாரம். உங்கள் மகளுக்குப் பழசாகத் தெரிவது எனக்கு அன்று எட்டாததாகத் தெரிந்தது. அந்தத் தொடர்களை எழுதியவர்கள் எங்கள் இருவரையுமே மனதில் வைத்து எழுதவில்லை.

போனும் கோட்டும் பழசாவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எதைச் சொன்னால் கூடத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்ற கணக்கு மாறுகிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும். 1995-இல் நம் அரசுத் தொலைக்காட்சி எஸ்ஏபிசியில் ‘சபர்பன் பிளிஸ்’ வந்தது நினைவிருக்கிறதா? ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் ஒரு கறுப்பினக் குடும்பமும் அடுத்தடுத்த வீட்டில். நகைச்சுவைக்கு அதுவே போதுமாக இருந்தது. இன்னார் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டம் 1991-இல்தான் ரத்தானது. நம் பெரியவர்களை அள்ளிக்கொண்டு வந்து சாட்ஸ்வர்த்தில் போட்டதும் அதே சட்டம்தான். இன்றைக்கு அந்தத் தொடரைப் போட்டால் உங்கள் மகள், “பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், அதற்கென்ன?” என்று கேட்கலாம். கேட்டால் நல்லது. ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர்களும் கறுப்பினத்தவரும் மோதிக்கொண்ட பிறகு, ஃபீனிக்ஸில் குடியிருக்கும் உங்களிடம் அந்தக் கதை பழசாகிவிட்டது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்த விடுமுறைக்கு ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரைப் பாருங்கள். 1975-இலும் 1979-இலுமாக மொத்தம் 12 அத்தியாயங்கள்தான். பொய்யையும் கதவையும் நம்பி ஓடும் கூத்து, போன் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். ஜெர்மானியர் வரும் அத்தியாயத்தில் மட்டும் ஒரு கிழட்டு மேஜர், இந்தியர்களையும் மேற்கிந்தியத் தீவுக்காரர்களையும் பற்றிக் கேவலமான சொற்களைச் சொல்வார். அதற்காகவே 2020-இல் ஓர் ஒளிபரப்பாளர் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, பிறகு எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பப் போட்டார். மேஜரைப் பார்த்துத்தான் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. ஆனால் அந்தச் சொற்களில் ஒன்றிரண்டை இந்த ஊர்த் தெருவில் நம்மைப் பார்த்தே சொல்லிக் கேட்டவர்கள் நாம். அங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.